ஐந்தாம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், "ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்ற நாடுகள் எல்லாம் போரில் இறங்கியே தீர வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். 1949 ஏப்ரல் 4 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு நாட்டின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகவும் கருத வேண்டும் என்று கூறும் அதே பிரிவு, படைபலம் உட்பட எந்த உதவியைச் செய்வது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது. 1982-இல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியபோது பிரிட்டனுக்காக இந்தப் பிரிவு பயன்படுத்தப்படவே இல்லை. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள தீவுகள் அதன் எல்லைக்குள் வராது என்று 6-ஆவது பிரிவே வரையறுத்திருக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் சிப்பாயாக இருந்தேன். அன்று பாகிஸ்தான், தென்கிழக்கு ஆசியாவுக்கான சீட்டோ, மேற்கு ஆசியாவுக்கான சென்டோ ஆகிய இரு இராணுவக் கூட்டணிகளிலும் உறுப்பு நாடு. யார் யார் அவர்களுக்குத் துணையாக வரப்போகிறார்கள் என்று பதுங்குகுழியில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்கா வீழ்ந்த 16-ஆம் தேதி வரை எந்தக் கூட்டணிப் படையும் போரிட வரவில்லை. சீட்டோவில் தன் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே என்று அமெரிக்கா 1954-லேயே எழுதி வைத்திருந்தது.

அணு ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரைனுக்கு 1994-இல் தரப்பட்ட புடாபெஸ்ட் பாதுகாப்பு உறுதிமொழியைத் தாங்கள் இராணுவக் கூட்டணி என்று குறிப்பிட்டபோதும், அது கூட்டணி அல்ல என்று எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை ஒரு வரிப் பதில் இல்லை. வாரந்தோறும் வந்த உலக அரங்கப் பக்கத்தை நிறுத்தியது ஏன் என்று கேட்டதற்கும் அதே மௌனந்தான். நாற்பது ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கும் வாசகன் இதற்குக்கூடத் தகுதியற்றவனா?

குன்னூரில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லி வருகிறேன். எடப்பள்ளியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பனியில் நனைந்த தங்கள் நாளிதழை அடுப்படியில் உலர்த்தி, அந்த நேட்டோ கட்டுரையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, "போரில் இறங்கியே தீர வேண்டும்" என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடிட்டிருந்தாள். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே, ஐயா" என்றாள். தங்கள் எழுத்தின் மீது அந்தப் பெண் வைத்திருக்கும் நம்பிக்கைதான் என்னை இவ்வளவு வருத்துகிறது.

திருத்தம் ஒன்றை வெளியிட்டு, 5-ஆவது பிரிவின் முழு வாசகத்தையும் தமிழில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே நோட்டில், அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொள்ள அவளுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
குன்னூர், நீலகிரி