கழுகை விடுங்க, டிரியனைக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஃபேன்டசி கதைகள்ல இருக்கிற ஓட்டைகளைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், நல்லா ஜாலியா எழுதியிருந்தாரு, எங்க வீட்டுல பசங்களோட சண்டை போட ஒரு வாரத்துக்கு மேட்டர் கிடைச்சுது, அதுக்கு நன்றி. ஆனா எல்லாத்தையும் ஒரே மூட்டையில போட்டுக் கட்டிட்டாரு, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியல. மந்திரத்தோட ரூல்ஸ் எங்கயாவது இடிச்சா நான் கண்டுக்காம போயிடுவேன், மந்திரமே பொய்தானே. ஆனா அஞ்சு வருஷமா நமக்குப் பழகின ஒரு ஆளு திடீர்னு அவன் செய்யவே மாட்டாத ஒரு காரியத்தைச் செஞ்சா, அதுவும் கதை நகரணுமேங்கிற ஒரே காரணத்துக்காக செஞ்சா, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

கட்டுரையில முதல் குற்றவாளியா நிறுத்தினது கழுகுங்களை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ல ஃப்ரோடோவும் சாமும் ஏன் அவ்வளவு தூரம் நடந்து சாகணும், கழுகு மேல ஏறிப்போய் சவுரான்ங்கிற கொடுங்கோலனோட மந்திர மோதிரத்தை எரிமலைல போட்டு அழிச்சுட்டு வந்திருக்கலாமேன்னு. இது எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன கேள்வி. கழுகுங்க வந்து அவங்க ரெண்டு பேரையும் தூக்குறது மோதிரம் அழிஞ்சு சவுரான் ஒழிஞ்சதுக்கு அப்புறம்ங்க. அதுக்கு முன்னாடி சவுரானோட நாடான மோர்டோர் வானத்துல அத்தாம்பெரிய கழுகு பறந்து வந்தா அவன் கண்ணுல படாமலா போகும், அவங்க திட்டமே சத்தம் போடாம உள்ள நுழையறதுதானே. கழுகும் ஒண்ணும் கூப்பிட்ட உடனே வந்து நிக்கிற ஜந்து இல்ல, மந்திரவாதி காண்டால்ஃபை கோபுரத்துல இருந்து காப்பாத்தும்போதே கழுகு க்வாஹிர் தெளிவா சொல்லிடுது, நான் சேதி கொண்டு வந்தவன், சுமை தூக்க வரலன்னு. டோல்கீனே 1958ல, தன் கதையை சினிமாவா எடுக்க யாரோ எழுதின சுருக்கத்தைப் படிச்சுட்டு எரிச்சல்ல எழுதின கடிதத்துல, கழுகுங்க ஆபத்தான கருவி, நான் அளவாத்தான் பயன்படுத்தியிருக்கேன்னு சொல்லியிருக்காரு. எனக்கு அதுல ஒரே குறைதான். எல்ஃப் தலைவர் எல்ராண்ட் வீட்டுல கூட்டம் போட்டு, மோதிரத்தை காட்டுல இருக்கிற டாம் பாம்படில்கிட்ட குடுக்கலாமா, கடல்ல போடலாமான்னு எல்லாம் பேசுறாங்க, கழுகைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கல. யாராவது ஒரு வரி கேட்டு, காண்டால்ஃப் வேணாம்னு ஒரு வரி சொல்லியிருந்தா இந்த வாக்குவாதமே கிளம்பியிருக்காது.

ஹாரி பாட்டர்ல டைம் டர்னர் ஓட்டைங்கிறதை ஒத்துக்கிறேன். காலத்துல பின்னாடி போற கருவியை, பாடம் நிறைய எடுத்துட்டா, ஒரே நேரத்துல ரெண்டு வகுப்பு இருக்குன்னு ஸ்கூல் பொண்ணுகிட்ட குடுக்குறாங்க, ஆனா வில்லன் வால்டமார்ட் திரும்பி வந்த அப்புறம் அதை எடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. ரவ்லிங்குக்கே அது உறுத்தியிருக்கும் போல, 2003ல வந்த அஞ்சாவது புத்தகத்துல சண்டையில அலமாரியோட உடைச்சாங்க, ஆறாவதுல மொத்த ஸ்டாக்கும் போச்சுன்னு ஒரு வரி எழுதி கணக்கை முடிச்சாங்க. அப்புறம் 2016ல ஹாரி பாட்டர் நாடகம் போட்டப்ப அதையே திரும்ப எடுத்துட்டு வந்தாங்க பாருங்க, அது தேவையா? ஸ்கூல்ல யாரு எங்க இருக்காங்கன்னு காட்டுற மராடர்ஸ் மேப்ல, ஹாரியோட நண்பன் ரானோட எலியா வேஷம் போட்டிருந்த பீட்டர் பெட்டிக்ரூ பேரு தெரிஞ்சிருக்கணுமே, அதை வச்சிருந்த ரானோட அண்ணன்கள் ஃப்ரெட்டும் ஜார்ஜும் எப்படி பாக்கலங்கிறதெல்லாம் சும்மா, அத்தனை நூறு புள்ளி ஓடுற மேப்ல ராத்திரி தம்பி கட்டில்ல யாரு தூங்குறான்னு எந்த அண்ணன் பாப்பான்?

நான் சண்டைக்கு வந்தது அந்தக் கண்ணாடி விஷயத்துக்காக. ஹாரி கையில அவனோட காட்ஃபாதர் சிரியஸ் குடுத்த, ரெண்டு பேரும் தூரத்துல இருந்தே பாத்துப் பேசிக்கிற முகக் கண்ணாடி இருக்கும்போது அதுல ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்காம சிரியஸ் ஆபத்துல இருக்காருன்னு நம்பி நேரா மந்திர அமைச்சகத்துக்கு ஓடி, சிரியஸ் சாகுறதுக்குக் காரணமாயிட்டான், கதாசிரியர் மறந்துட்டாங்கன்னு எழுதியிருக்காரு. இல்லவே இல்ல. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு கிளம்பும்போது சிரியஸ் ஒரு பொட்டலத்தைக் குடுத்து, ஸ்நேப் வாத்தியார் தொல்லை பண்ணா இதை வச்சு எனக்குச் சொல்லுன்னு சொல்றாரு. ஹாரி அதை வாங்கும்போதே முடிவு பண்ணிடுறான், இதை நான் தொடவே மாட்டேன், என்னால சிரியஸ் பத்திரமா இருக்கிற இடத்தை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு. அதனால அவன் அதைப் பிரிச்சுக்கூட பாக்கல. உள்ள கண்ணாடி இருக்குன்னே அவனுக்குத் தெரியாது! பெட்டிக்குள்ள அடியில கிடந்ததை சிரியஸ் செத்த அப்புறம்தான் பிரிக்கிறான். பாசத்துல எடுத்த முடிவே அந்த மனுஷனைக் கொன்னுடுச்சு, 15 வயசுல அப்பா அம்மா இல்லாத ஒரு பையன் இப்படித்தான் யோசிப்பான். இதைப் போய் ஓட்டைன்னா என்னங்க அர்த்தம்.

கட்டுரையாளர் நிஜமாவே பிடிச்சிருக்க வேண்டிய இடம் வேற இருக்கு, அதை விட்டுட்டாரு. அதே புத்தகத்துல ஈஸ்டர் சமயத்துல ஹாரி திருட்டுத்தனமா ஸ்கூல் தலைமை அம்ப்ரிட்ஜ் ரூம்ல புகுந்து மந்திர நெருப்புல தலையை விட்டு சிரியஸ்கிட்டயும் அவரு நண்பர் லூபின்கிட்டயும் பேசுறான், மாட்டினா ஸ்கூலை விட்டே துரத்திடுவாங்க. அப்ப சிரியஸ் என்ன கேட்டிருக்கணும்? ஏன்டா இப்படி உயிரைப் பணயம் வச்சு வர்ற, நான்தான் ஒண்ணு குடுத்தேனேன்னு கேக்க வேணாமா? கேக்கல. ஹாரி பண்ணதுக்கு நியாயம் இருக்கு, சிரியஸ் சும்மா இருந்ததுக்கு எனக்கு இன்னும் ஒரு நியாயமும் கிடைக்கல.

இப்ப கேம் ஆஃப் த்ரோன்ஸ். இதை ரெண்டே பத்தியில முடிச்சுட்டாரு, எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு, ஏன்னா நான் சொல்ற வியாதி முத்திப்போனதே இங்கதான். முதல் சீசன்கள்ல டிரியன் யாரு? ஆளைப் பாத்தவுடனே எடை போடுறவன், பச்சை நெருப்பை வச்சு ஒரு கப்பல் படையையே கொளுத்தினவன், அக்கா, அதான் ராணி செர்சி, எப்பேர்ப்பட்டவன்னு பிறந்ததுல இருந்து அனுபவிச்சவன். அவன்தான் ஏழாவது சீசன்ல ஐடியா குடுக்குறான், வடக்கு எல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் நடமாடுற பொணம் ஒண்ணைப் புடிச்சுட்டு வந்து செர்சிகிட்ட காட்டினா அவ மனசு மாறி அந்தப் பொணப் படைக்கு எதிரா தன் படையை அனுப்புவான்னு. இதுக்கு வடக்கு ராஜா ஜான் ஸ்னோ ஒரு சின்ன கும்பலோட கிளம்புறான், மாட்டிக்கிறான், கூடப் போன ஜெண்ட்ரி சுவர் வரைக்கும் ஓடுறான், சேதியோட காக்கா டிராகன்ஸ்டோனுக்குப் பறக்குது, அங்க இருந்து டிரியனோட ராணி டெனேரிஸ் மூணு டிராகனோட வந்து சேந்துடுறா, அதுல ஒண்ணு போயிடுது, அந்தச் செத்த டிராகனை வச்சே பொணங்களோட தலைவன் நைட் கிங் சுவரை உடைச்சுட்டு உள்ள வர்றான். அந்த எபிசோட் டைரக்டர் ஆலன் டெய்லரே டைமிங் கொஞ்சம் நம்பும்படியா இல்லைன்னு பேட்டியில ஒத்துக்கிட்டாரு. டைமிங் போகட்டும்ங்க, காக்கா எவ்வளவு வேகமா பறந்தா எனக்கென்ன, டிரியன் அப்படி ஒரு ஐடியா குடுப்பானா? அதோட செர்சி படையும் அனுப்பல, வாயால சரின்னு சொல்லி ஏமாத்திட்டா.

எட்டாவது சீசன்ல விண்டர்ஃபெல் சண்டை இன்னும் மோசம். செத்தவங்களை எழுப்புறதுதான் எதிரியோட வேலையே, ஜான் ஸ்னோ ஹார்ட்ஹோம் ஊர்ச் சண்டையில அதைக் கண்ணால பாத்தவன், அந்தக் கோட்டையில வளந்தவன், ஸ்டார்க் வம்சத்து முன்னோர் பூரா எங்க புதைஞ்சு கிடக்காங்கன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். அப்படியிருந்தும் பொம்பளைங்க குழந்தைங்க எல்லாரையும் கல்லறைக்குள்ளயே கொண்டுபோய் அடைக்கிறாங்க, புத்திசாலி டிரியனும் உளவுத் தலைவன் வாரிஸும் அங்கயே உக்காந்து பேசிட்டிருக்காங்க, ஒருத்தருக்கும் சந்தேகம் வரல, டிவி முன்னாடி உக்காந்திருந்த என் மாமியாருக்கு வந்துச்சு. அடுத்த எபிசோட்ல செர்சிக்கு வேண்டிய கூலிப்படையை அவ கூட்டாளி கிரேஜாயோட கப்பல்கள் கொண்டுவந்து சேத்துடுச்சுன்னு கூட்டத்துல வாரிஸ் சொல்றான், டெனேரிஸும் அங்கதான் இருக்கா, கொஞ்ச நேரத்துல அதே கப்பல்கள்ல இருந்து அம்பு வந்து டிராகன் சாகுது. கேட்டா, அவ அந்தக் கப்பல் படையை மறந்துட்டான்னு தயாரிச்சவங்களே சொல்றாங்க. கடைசி சீசனைத் திரும்ப எடுங்கன்னு 10 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டது கொஞ்சம் ஓவர்தான், ஆனா அந்தக் கோவம் எனக்குப் புரியுது. இந்தத் தொடருக்கு மூலமான புத்தக வரிசை 2011ல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் எங்க போய் சேரணும்னு மட்டும் தெரிஞ்சு, கடைசி ரெண்டு சீசனை 13 எபிசோட்ல முடிக்கணும்னு ஓடினா, ஆளுங்களோட புத்தியைத்தான் முதல்ல கழட்டி எறியணும் போல.

அடுத்த இதழ்ல ரெண்டாவது பகுதி வரும்னு போட்டிருக்கீங்க, பாகுபலியும் உண்டாம். பனைமரத்தை வளைச்சு ஆளுங்களைக் கோட்டைக்குள்ள எறியற சீனை தயவுசெஞ்சு அவரு தொட வேணாம், அது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. சொந்தப் புள்ளையை விட்டுட்டு பாகுபலியை ராஜாவாக்கினவ சிவகாமி, அவளே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட விசாரிக்காம எப்படி கொல்லச் சொன்னா, அதைப் பத்தி நாலு பக்கம் எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
தஞ்சாவூர்