மரபு நடை: மழைக்குப் பிறகும் ஒருமுறை போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினால், பழைய கட்டடங்களை நடந்தே சுற்றிப் பார்க்கும் மரபு நடைகள் இங்கே களைகட்டுகின்றன. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் பெரும்பாலானவை கோட்டை, உயர் நீதிமன்றம் என ஏற்கெனவே காவலும் பராமரிப்பும் உள்ள இடங்களையே சுற்றுகின்றன. கேட்பாரற்ற கட்டடங்கள் பக்கம் போகும் நடைகளும் யார் கட்டினார், எந்த ஆண்டு என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஒரே பாதையில் ஆகஸ்டில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறையும் நடக்க வேண்டும். கட்டடம் எந்த வேகத்தில் அழிகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

ஜார்ஜ் டவுனிலேயே இதற்குப் பாதை இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்குள் முடியும். ஞாயிறு காலை ஆறரைக்குக் கடற்கரை ரயில் நிலையத்தில் கூடலாம். ராஜாஜி சாலையில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வடிவமைத்த தலைமை அஞ்சலகம் (1884), அடுத்து ஸ்டேட் வங்கிக் கட்டடம். செங்கல் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவை அளவுகோல் என்பதால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி, 1773இல் நட்ட நகர எல்லைத் தூண்களில் மிஞ்சிய ஒன்று நிற்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் (1850) வரை போகலாம். கிரேக்கக் கோயில் பாணியில் எழுப்பிய அந்த முகப்பைக் கடைகள் மறைப்பதால் எதிர்ச்சாரியில் நின்றே பார்க்க முடியும். திரும்பி வந்து அரண்மனைக்காரத் தெருவில் நுழைந்தால் கோகலே மண்டபம். அன்னி பெசன்ட் 1914இல் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் மண்டபம் அது. தன்னாட்சி முழக்கம் ஒலித்த அந்த இடத்தை இடிக்கத் தொடங்கி, வழக்கால் நிறுத்தினார்கள். அதே தெருவில் 1772இன் ஆர்மீனியத் தேவாலயம். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே பார்ப்பது? முதலில் சுவரின் அடிப்பகுதி, தரையிலிருந்து நான்கடி வரை. பழைய செங்கல் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அதை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழியடைத்துப் போகும். ஈரம் சுவரில் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூக்கும். விரல் முட்டியால் தட்டினால் வெற்றுப்பானைபோல ஒலிக்கும். அடுத்த மழைக்குச் சிமென்ட் பாளமாக விழும்போது செங்கல்லின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். சென்னையின் பழைய கட்டடங்களுக்குக் கடல்காற்றைவிட இந்தச் 'சீரமைப்பு'தான் அதிகக் கேடு செய்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து கைப்பிடிச் சுவர். அங்கே முளைத்த அரசங்கன்றை ஆண்டுதோறும் கத்தியால் வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வெட்ட வேர் தடிக்கும், செங்கல் வரிசை பிளக்கும். பச்சை வேரைப் பிடித்து இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். தண்டை அறுத்து, அடிக்கட்டையில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, வேர் காய்ந்த பிறகே பிடுங்கி, பிளவைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரக்கட்டைகள்மேல் சிறிய தட்டைச் செங்கற்களை விளிம்பில் நிற்கவைத்து மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டை ஓடு பதித்த கூரை அது. கட்டையின் நடுப்பகுதி எளிதில் கெடாது. சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். மழைநீர்க் குழாய் உடைந்த இடத்தில் வெளிச்சுவரில் பாசிக் கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே இருக்கும் கட்டை முனையைச் சந்தேகப்படலாம். உடைந்த குழாயை உடனே மாற்றினால் செலவு சொற்பம். கூரையே இறங்கிவிட்டால் கட்டடத்தை இடிக்க அது ஒரு சாக்காகிவிடும்.

குழு பதினைந்து பேரைத் தாண்டினால் நடைபாதையில் நிற்க இடமிருக்காது. இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று கட்டாயம். கேடு தொடங்குவது பெரும்பாலும் உச்சியில்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் முழு முகப்பு, கூரை விளிம்பு, சுவரடி என மூன்று படம் எடுத்து, எங்கே நின்று எடுத்தோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் அதே இடத்தில் நின்றுதான் மறுபடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. இடிபாட்டு நிலையில் உள்ள எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழையக் கூடாது. பால்கனிக்கு நேர் கீழே நிற்பதும் ஆபத்து.

மரபுக் கட்டடங்களுக்காக 2012இல் தமிழகச் சட்டப்பேரவை ஒரு சட்டத்தையே இயற்றியது. எந்தக் கட்டடத்துக்கு முதலில் குழாய் மாற்றுவது, எதற்கு முட்டுக் கொடுப்பது என்று அதைச் செயல்படுத்துவோர் முடிவெடுக்க இந்தப் படங்கள் உதவும். இரு பருவப் படங்களையும் அருகருகே வெளியிடத் தங்கள் நாளிதழில் கால் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்ணடி, சென்னை–1