மரக்கட்டையைத் திருப்பித் தர வேண்டும்

பயணத்தில் எங்களுக்குக் கைகொடுத்த அன்புக்குரியவர்களுக்கு,

உங்களில் பலர் இந்த மடலைப் படிக்கப்போவதில்லை. உங்களுக்குத் தமிழ் தெரியாது; எங்களுக்கு உங்கள் பெயரே தெரியாது. முகவரி கிடைத்த மூன்று பேருக்கு ஆங்கிலத்தில் அட்டை அனுப்பிவிட்டோம். அட்டையில் நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. மனத்தில் கிடப்பது தமிழில்தான் வருகிறது. எங்கள் ஆட்களாவது நீங்கள் செய்ததைத் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய கேரவன் வாங்கினோம். குளிர்காலம் வந்தால் அடிலெய்டு வீட்டைப் பூட்டிவிட்டு வடக்கே கிளம்பிவிடுவோம். ஆஸ்திரேலியாவில் எங்களைப் போன்றவர்களுக்கு ‘நரைத்த நாடோடிகள்’ என்று பெயர், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த வறண்ட நிலத்துக்குள் போக ஜூன், ஜூலையே ஏற்ற காலம். அங்குள்ள ஊட்னடாட்டா என்ற ஊரில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 பாகை செல்சியஸ் வெயில் அடித்ததாகப் பதிவு இருக்கிறது. குளிர்காலத்திலோ பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். விடியற்காலையில் மட்டும் சில நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். உள்ளே நீர் உறைந்திருக்கும்.

இந்த முறை மரீயிலிருந்து மார்லா வரை போகும் ஊட்னடாட்டா மண்சாலையை முழுதாக முடித்துவிடுவது என்று இவர் சபதம் போட்டிருந்தார். சுமார் 620 கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு போனோம்.

முதல் நன்றி, மரீக்குத் தெற்கே ஃபரீனாவில் ரொட்டி சுடும் தொண்டர்களுக்கு. ஃபரீனா என்றால் லத்தீனில் மாவு. கோதுமை விளைந்து கொட்டும் என்று நம்பி 1878இல் எழுந்த ஊர். இந்தக் கோட்டுக்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் வைக்காதீர்கள் என்று நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் 1865இலேயே வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்டியிருந்தார். நடுவில் சில ஆண்டுகள் வானம் தாராளமாக இருந்ததால் அவர் பேச்சு எடுபடவில்லை. இன்று அங்கே நிற்பவை கூரையில்லாத கல் சுவர்கள். ஆனால் நிலத்துக்கடியில் ஒரு விறகுப் போறணை மிஞ்சியிருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சில வாரங்கள் நீங்கள் கூடி அதை மூட்டுகிறீர்கள். படியில் இறங்கும்போதே பாண் வேகும் மணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த பேக்கரியில் வாங்குபலகையில் குந்தியிருந்து காத்திருப்போமே, அதே மணம். நான் ஏன் வரிசையில் நகராமல் நிற்கிறேன் என்று உங்களில் ஒரு அம்மா பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சூடான பாணின் கருகிய முனையை வெட்டி, வெண்ணெய் தடவிக் கையில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அம்மா, அந்த முனைத் துண்டுக்குத்தான் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் வீட்டில் சண்டை போடுவோம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்தது, வெள்ளைப் பிக்கப் வண்டியில் வந்தவருக்கு. இது கொஞ்சம் நீளும்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் முதல் நாள் மாலை இளஞ்சூட்டு ஊற்று நீரில் கால் நனைத்துக்கொண்டு, பேரீச்ச மரங்களைப் பார்த்தபடி, வாழ்க்கை இப்படியே போனால் போதும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். கண்பட்டதுபோல் ஆயிற்று. மறுநாள் காலை வில்லியம் கிரீக்கை நோக்கிப் போகையில், சாலை தகரக் கூரையைப் படுக்கப் போட்டதுபோல் வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கேரவனின் இடப்பக்கப் பட்டை ஸ்பிரிங் முறிந்து, வண்டி சக்கரத்தின் மேல் சாய்ந்திருந்தது. புறப்படுமுன் வண்டியைச் சோதித்தவர்கள் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

கைபேசிக்கு அங்கே உயிர் கிடையாது. வண்டியில் உள்ள இருவழி வானொலியில், நாற்பதாம் சேனலில் இவர் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். பின்னால் ஒரு நாய், வேலிக் கம்பிச் சுருள், பழைய ரயில் தண்டவாளத்துக்கடியில் கிடந்ததுபோல் கறுத்த மரக்கட்டைகள். வணக்கம்கூடச் சொல்லாமல் மல்லாந்து படுத்துக் கேரவனுக்கு அடியில் நுழைந்தீர்கள். ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகினீர்கள். கம்பியை எட்டுச் சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி முறுக்கி இறுக்கினீர்கள். ஒவ்வொரு முறுக்குக்கும் காதை வைத்துக் கேட்டீர்கள், வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் மாதிரி. முப்பத்தைந்து நிமிடம். இவர் பணத்தை நீட்டினார், கையை அசைத்தீர்கள். என்னிடம் இருந்தது காலையில் பொரித்த பருப்பு வடை. ஒன்றை வாங்கி, கிரீஸ் படிந்த சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டீர்கள். அதைத் தின்றீர்களா, நாய்க்குக் கொடுத்தீர்களா என்று இன்றும் வீட்டில் வாக்குவாதம்.

“மெதுவாகப் போங்கள்” என்றீர்கள். மணிக்கு இருபது கிலோமீட்டரில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம். பக்கக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் எங்கள் புழுதிக்குள் உங்கள் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வில்லியம் கிரீக் வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினீர்கள். அந்த வட்டாரத்தில் அதுதான் வணக்கமும் விடைபெறலும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் போக வேண்டியிருந்தது எதிர்த்திசையில் என்று அன்றிரவு நாங்கள் தங்கிய இடத்தில் பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

வில்லியம் கிரீக்கில் உள்ளவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லப் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. ஊரே விரல்விட்டு எண்ணிவிடும் அளவுதான். சுற்றிலும் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை. உலகிலேயே மிகப் பெரியது என்கிறார்கள்; யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல் பத்துக்கு மேல் அதற்குள் அடங்கும். சுமார் 165 கிலோமீட்டர் தள்ளி, கூபர் பீடியிலிருந்து ஸ்பிரிங் வரவேண்டும். அது புறப்படும் அன்று மழை பிடித்தது. ஊரில் அதை மழை என்றே சொல்லமாட்டோம், வாசல் நனையும் அவ்வளவுதான். ஆனால் அந்தக் களிமண்ணுக்கு அது போதும், சாலையை மூடிவிட்டார்கள். ஆறு நாள் இருந்தோம்.

மூன்றாம் இரவு இவருக்குக் காய்ச்சலும் இருமலும். மார்பில் கை வைத்தால் உள்ளே கரகரவென்றது. கதவைத் தட்டி எழுப்பியதற்கு முகம் சுளிக்காமல், இரவு உடையோடு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தங்கைக்கு என்ன சொல்வேன்? பறக்கும் மருத்துவர் சேவையைப் பற்றி, 1928இல் ஜான் ஃப்ளின் தொடங்கியது என்ற அளவில் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் அறிந்திருந்தேன். விமானம் வராமலும் அவர்கள் வைத்தியம் செய்வார்கள் என்பது தெரியாது. அவர்களுடைய அந்தப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். தொலைபேசியில் மருத்துவர், மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, உதடு என்ன நிறம், வேறு மாத்திரை எடுக்கிறாரா, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, இந்த எண் மருந்தை எடுங்கள், இத்தனை வேளை கொடுங்கள் என்றார். காலையிலும் மாலையிலும் அவரே கூப்பிட்டு விசாரித்தார். ஐந்தாம் நாள் இவர் எழுந்து உட்கார்ந்து, அல்ஜெபக்கினா பாலத்தைப் பார்க்காமல் போகிறோமே என்று புலம்பத் தொடங்கியதும் எனக்கு உயிர் வந்தது. (இந்தப் பாலைநிலம் வழியே முன்பு ஓடிய கான் ரயிலுக்காகக் கட்டிய 578 மீட்டர் நீள இரும்புப் பாலம். இவருக்கு அது ஒரு பித்து.)

தங்கள் தொட்டியிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் ஊற்றித் தந்து, நாங்கள் குளித்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்த பக்கத்துக் கேரவன் தம்பதிக்கு நன்றி. இங்கே அடிலெய்டில் ஒவ்வொரு இரவும் என் கறிவேப்பிலைச் சாடிக்குப் பழைய வேட்டியைப் போர்த்திப் பனியிலிருந்து காப்பாற்றிய மச்சாளுக்கு நன்றி. ஒரு இலைகூடக் கொட்டவில்லை. கட்டி தண்டா என்ற ஐர் உப்பேரியின் வெண்மையைக் கரையில் நின்று பார்க்க விட்ட, அந்த நிலத்தின் பூர்வகுடிகளான அரபானா மக்களுக்கு, விருந்தாளிகளாக எங்கள் வணக்கம்.

வெள்ளைப் பிக்கப்காரரே, புது ஸ்பிரிங் போட்டபோது கம்பியை வெட்டி, கட்டையைக் கழற்றி எடுத்தோம். எறிய மனம் வரவில்லை. இப்போது எங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அது உங்களுடையது. வருகிற ஜூனில் கொண்டுவருகிறோம். வடையும்.

நன்றியுடன்,
கேரவன்காரர் இருவர்
அடிலெய்டு