ஸ்காபரோவிலிருந்து அண்ணாவுக்கு

ஸ்காபரோ, கனடா,
தை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கு நலம். அங்கே அப்பா, அம்மா, அண்ணி, பிள்ளைகள், தங்கச்சி எல்லோரும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணையிருக்க வேண்டும். கோண்டாவில் மச்சான் உங்கள் கடிதத்தையும் அம்மா கட்டிக் கொடுத்த பொதியையும் வந்து இறங்கிய மறுநாளே கொண்டுவந்து தந்துவிட்டார். பொதிக்குள் கிடந்ததால் கடிதத்தில் மிளகாய்த்தூள் வாசம் ஏறியிருந்தது. பதில் இவ்வளவு பிந்தியதற்கு வேலையைத்தான் காரணம் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றாலோ, அம்மா "சாப்பிட்டியா" என்று தொடங்கினால் மீதிக் கதை எல்லாம் அதற்குள்ளேயே கரைந்துபோகிறது.

பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று எடுக்க யோசிப்பதாகவும், வேலைக்குப் போகும் இடங்களில் தச்சு ஆயுதங்களை வண்டியிலேயே விட்டால் களவு போகுமோ என்று அப்பா பயப்படுவதாகவும், நான் இங்கே என்ன செய்கிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் தச்சன், மின்வேலைக்காரன், குழாய்வேலைக்காரன் யாரைச் சந்தித்தாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்பது இந்த ஆயுதக் களவில்தான். ஆகவே நான் செய்து வைத்திருப்பதை முறையாகவே எழுதுகிறேன்.

என்னுடையது பழைய ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப். இந்தச் சின்ன வடிவத்தை 2011 இல் இங்கே நிறுத்திவிட்டார்கள். 2019 இல் அதே பெயரில் திரும்பி வந்தது இதைவிடப் பெரிய வண்டி. பின்பெட்டி ஆறடி நீளம். இரண்டு சில்லு மேடுகளுக்கும் இடையில் 40 அங்குலந்தான் இருப்பதால், நாலடிக்கு எட்டடி பிளைவுட் தரையில் படியாமல் அந்த மேடுகளின் மேல்தான் கிடக்கும். அதற்குக் கீழே எஞ்சுகிற இடத்தில்தான் ஆயுதப் பெட்டி இருக்கிறது. முன் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், குறுக்காக வைத்திருக்கிறேன். பாரம் பின்னுக்குப் போனால் சினோ என்கிற வெண்பனி கிடக்கும் வீதியில் முன்சில்லு பிடிமானம் இழந்து, திருப்பிய பக்கம் வண்டி திரும்பாது.

பெட்டி அலுமினியம், பழையதாக வாங்கினேன். கடையில் தருகிற கொளுக்கிகளால் விளிம்பில் மாட்டினால் போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பூட்டைத் தொடாமலே இரண்டு பேர் நெம்பிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவதற்கு அதைவிட வசதி வேறில்லை. நான் பெட்டிக்குள்ளிருந்து தரைக்கு நான்கு போல்ட் இறக்கி, வண்டியின் அடியில் ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையகல இரும்புத் தகடு கொடுத்து முடுக்கியிருக்கிறேன். தகடு இல்லாவிட்டால் நெம்பும்போது போல்ட், மெல்லிய தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். துளை போடுமுன் கீழே படுத்து, பெற்றோல் தாங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். போட்ட துளையின் விளிம்புக்கு உடனே பெயின்ட் பூசவேண்டும். இங்கே மாரிக் குளிர்காலம் முழுவதும் சினோ கரைய வீதியில் உப்புக் கொட்டுவார்கள். உப்புத்தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும் என்பதால் இரண்டுக்கும் இடையில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருக்கிறேன்.

பூட்டைப் பற்றிச் சொல்வதானால், ஆமைப்பூட்டின் வளையம் வெளியே தெரிந்தாலே கம்பி வெட்டுகிறவனுக்கு வேலை முடிந்தது. இங்கே ஐஸ் ஹொக்கி விளையாட்டில் அடிக்கும் தட்டைப் போல வட்டமாக, வளையம் அடியில் மறைந்திருக்கும் பூட்டு கிடைக்கிறது. அதற்குப் பொருந்திய காதுத் தகட்டோடு போட்டால் கட்டரின் வாய்க்குப் பிடி அகப்படாது. கீலின் ஆணியும் வெளியே தெரியக்கூடாது. பலர் பூட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டுக் கீலை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பின்கதவைப் பழைய பிக்கப்புகளில் பாதி சரித்துத் தூக்கினால் அப்படியே கழன்று கையோடு வரும். அதைத் தடுக்க, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் துருப்பிடியாத கிளிப் ஒன்றை கழலும் பக்கத்துக் கீலில் சுற்றி முடுக்கினால் போதும். இரண்டு மூன்று டொலர் வேலை. இரவில் வண்டியைப் பின்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்தினால் பின்கதவையே திறக்க முடியாது. வண்டியில் விளம்பரமோ, மெஷின் கம்பனிகளின் படமோ ஒட்டுவதில்லை.

இவ்வளவும் பகலுக்குத்தான். இரவில் மெஷின்களையும் பற்றரிகளையும் கீழே என் அறைக்குக் கொண்டுவந்துவிடுவேன். லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. நீர் கலந்த பசையும் இடுக்கு அடைக்கும் கோக்கிங்கும் ஒருமுறை உறைந்தால் பிறகு ஒட்டாது. மட்டப்பலகை மட்டும் வெளியே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, அதன் குழாய்க்குள் இருப்பது மதுசாரம். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த உளியை உடனே உறையிலிருந்து எடுத்தால் முழுக்க வியர்த்து, விடியும்போது கறள் ஏறியிருக்கும். அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே வைக்கவேண்டும். அப்பாவைப் போல உளிக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம் என்றால், அம்மா அனுப்பிய போத்தல் கார்த்திகையிலிருந்து வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. கரண்டியால் சுரண்டித்தான் தாளிக்கிறேன். உளிக்கு மெஷின் எண்ணெய்.

மேல்வீட்டு இத்தாலிக்காரரைப் பற்றி அம்மா கேட்டிருந்தார். சுகமாக இருக்கிறார். மேசன் வேலை செய்து ஓய்ந்த மனிதர். முற்றத்துத் தண்ணீர்க் குழாய், இறைச்சி வாட்டும் அடுப்பு, சினோ அள்ளும் சவள் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டு, இடுப்பில் திறப்புக்கோர்வையோடு திரிகிறார். குளிருக்குச் சாக்குச் சுற்றிக் கட்டிய அத்திமரத்துக்கும் ஒரு சங்கிலி. இரவு சினோ பெய்தால் காலையில் நான் எழும்பமுன் என் வண்டியைச் சுற்றி நடந்து, புதுக் காலடி ஏதும் இருக்கிறதா என்று பொலிஸ்காரர் மாதிரி குனிந்து பார்ப்பார். பிறகு அவருடைய காலடியே அங்கே நிறைந்துவிடும் என்பது வேறு கதை. மாலையில் நான் பெட்டிகளைப் படியால் இறக்கும்போது மேலே நின்று இத்தாலிய மொழியில் ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒருநாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததென்று வந்து கதவைத் தட்டி, நான் டோர்ச் லைட்டைத் தேடி எடுத்துக் காட்டும்வரை போகவில்லை. அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அந்தச் சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரியாக இருந்தது.

முன்பு போல இப்போது அவருக்கு எண்ண அதிகமில்லை. மேசை வாளையும் பெரிய டிரில்லையும் விற்றுவிட்டேன். சின்ன வண்டியில் பாரம் குறைவது நல்லதுதானே. மாரியில் வேலை மந்தம் என்று மச்சான் ஏதும் சொல்லியிருந்தால் பெரிதாக எடுக்கவேண்டாம், அவருக்கு இந்தத் தொழில் தெரியாது. இன்னொன்று, வண்டிக்குக் கட்டும் காப்புறுதி வண்டிக்கு மட்டுந்தான். உள்ளே இருக்கும் ஆயுதங்களுக்குத் தனியாக எடுக்கவேண்டும். இந்த வருடத்துக்கு அதை இன்னும் எடுக்கவில்லை, சற்றுப் பொறுத்து எடுப்பேன். ஆனால் ஒவ்வொரு மெஷினின் இலக்கத்தையும் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இது காசில்லாமல் செய்யக்கூடியது, நீங்களும் செய்யுங்கள்.

இங்கே நாள் முழுக்க அறுப்பது பைன் மரம். அதன் தூள் நிலம் கழுவும் மருந்து மாதிரி மணக்கிறது, தும்மினால் போய்விடும். வேம்பு அறுத்தால் தொண்டைக்குள் இறங்கி நிற்குமே ஒரு கசப்பு, எத்தனை கோப்பை தேத்தண்ணீர் குடித்தாலும் சாப்பாட்டுவேளை வரை போகாதே, சின்னனில் அதற்காக உங்களோடு பட்டறைக்கு வரமாட்டேன் என்று அழுதிருக்கிறேன். போன கிழமை அப்பா தந்துவிட்ட சீவுளியின் இடுக்கில் கொஞ்சத் தூள் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது, அண்ணா. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

பட்டா விடயத்துக்கு வருகிறேன். அதன் பக்கத் தட்டிகள் மிகத் தாழ்வானவை, நடந்து போகிறவன் கைபோட்டு எடுக்கலாம். ஆகவே வாங்கினால் முன்கூட்டுக்குப் பின்னால் அகலம் முழுதும் பிடிக்கும் இரும்புப் பெட்டி ஒன்றைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துச் செய்வியுங்கள். அப்பாவின் பலாமரப் பெட்டி அப்படியே உள்ளே இறங்கும்படி அளவெடுங்கள். இரும்பு மட்டும் என்றால் சித்திரை வெயிலில் உளிப்பிடிகள் காய்ந்து வெடிக்கும். மூடிக்கு மழைத்தண்ணீர் வழியும் சரிவு விடச் சொல்லுங்கள். படங்கு ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் காணும் என்று சின்னத்தான் சொல்வதைக் கேட்கவேண்டாம். உப்புக்காற்றுக்கு அருகே ஓடிய வண்டியாக இருந்தால் சட்டத்தின் அடியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பழைய வண்டி விலை, 2025 இல் திறந்துவிட்ட பிறகும் விற்பவர் வாயிலிருந்து இறங்கவில்லை என்று மச்சான் சொன்னார். அவசரப்படவேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். லீசிங் முற்பணத்துக்காக வடக்கு வளவின் உறுதியை ஈடு வைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அது தங்கச்சிக்கென்று அப்பா சொல்லி வைத்த காணி. இணுவில் சம்பந்தம் சரிவரும் நேரத்தில் உறுதி கையில் இல்லை என்றால் பேச்சே நின்றுவிடும். அம்மாவின் தாலிக்கொடியையும் தொடவேண்டாம். இந்த மாதக் காசு பிந்தியது வங்கியில் ஏதோ தாமதத்தால். மாசியில் இரண்டையும் சேர்த்து அனுப்புவேன். முற்பணத்தில் பாதியைச் சித்திரைக்குள் நான் பார்க்கிறேன், மீதிக்குச் சித்தப்பாவின் சீட்டு எப்போது விழும் என்று கேட்டு எழுதுங்கள். அவருடைய பதில் வரும்வரை வண்டிக்காரனுக்கு ஒரு சதமும் கட்டவேண்டாம். கட்டிவிட்டிருந்தால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து இன்றைக்கே மச்சானின் தொலைபேசிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள தம்பி