மலையில் தொட்டி அத்தி காய்க்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் தொட்டியில் அத்தி வளர்ப்பது பற்றி வந்த குறிப்பு சமவெளி வாசகர்களுக்குப் பயன்படும். ஆனால் ஆண்டுதோறும் கிளைகளை ஒட்ட வெட்டிக் கவாத்து செய்து, மாதம் ஒருமுறை தொழுவுரம் இடவேண்டும் என்ற யோசனையைக் கோத்தகிரி, குன்னூர், உதகை வாசகர்கள் அப்படியே பின்பற்றினால் இலைதான் மிஞ்சும்.

சீமை அத்தியில் பல இரகங்கள் சென்ற ஆண்டு முற்றிய கிளையில் ஒரு முறையும், நடப்பு ஆண்டுத் தளிரில் மறுமுறையும் காய்ப்பவை. சமவெளியில் வெப்பத்துக்குக் குறைவில்லை என்பதால், ஒட்ட வெட்டினாலும் புதுத் தளிரில் பிடிக்கும் காய் பழுத்துவிடுகிறது. இங்கோ அந்தக் காய்கள் வடகிழக்குப் பருவமழையிலும் அதையடுத்த குளிரிலும் அகப்பட்டு, பாதி வளர்ச்சியில் பச்சையாகவே நின்று உதிர்ந்துபோகின்றன; பறித்து வைத்துப் பழுக்கவைக்கவும் அத்தி இடம் கொடுக்காது. ஆகவே மலையில் அதிகம் நம்பத்தக்கது பழைய கிளையின் காயே. குளிர் விலகும்போது இலைத் தழும்புக்கு மேலே மிளகளவில் முட்டிக்கொண்டு வரும் அது, மார்ச், ஏப்ரல் வெயிலில் பருத்து, தென்மேற்குப் பருவமழைக்கு முன் பழுக்க வழியுண்டு. கவாத்துக் கத்தி முதலில் வெட்டித் தள்ளுவது அந்தக் கிளையைத்தான். காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் மட்டும் நீக்கினால் போதும். தேயிலையை ஒட்ட வெட்டிப் பழகிய கைக்கு இது சற்றுக் கடினம்தான்.

உரத்திலும் இதே கவனம் தேவை. தழைச்சத்து மிகுந்தால் செடி தளிர் விட்டுக்கொண்டே போகும். தொட்டியில் வேர் ஓரளவு நெருக்கப்படுவதே காய்ப்பைத் தூண்டுகிறது என்பதால், ஆண்டுதோறும் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டியதில்லை. தேயிலைத் தோட்ட மண்ணை அள்ளி நிரப்புவோர் அதன் புளிப்பை மறந்துவிடுகின்றனர். தேயிலைக்கு உகந்த 4.5 முதல் 5.5 வரையிலான அமில கார நிலை அத்திக்கு ஆகாது. புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து 6க்கு மேல் உயர்த்துவது நல்லது.

வெயில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும் ஊர்களில், காலை வெயில் விழும் சுவரை ஒட்டித் தொட்டியை வைப்பதே பலன் தரும். பகலில் சூடேறிய சுவர் இரவிலும் சிறிது வெப்பம் தரும். உறைபனி விழும் உதகையில் இளஞ்செடியை இரவில் கூரைக்குள் நகர்த்துவது அவசியம். காய் பருக்கும் காலத்தில் மண்ணைக் காயவிட்டுப் பின்னர் ஒரேயடியாக நீர் ஊற்றினால் காய் உதிரும், பழுத்தது வெடிக்கும்.

இவை யாவும் இரகத்தைப் பொறுத்தவை. ஆனால் நாற்றங்கால்களில் பெரும்பாலும் ‘அத்தி’ என்று மட்டுமே சொல்லி விற்கிறார்கள். போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டு வளர்த்ததா, விதைக் கன்றா, எந்த இரகம், பழைய கிளையில் காய்க்குமா என்பதைக் கன்றிலேயே எழுதிக் கட்ட வேண்டும் எனத் தோட்டக்கலைத் துறை வலியுறுத்தினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.