பராமரிப்பவருக்கும் சம்பளம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள்களுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியவற்றுக்கு, அரசுகள் நிதி தருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிதி தேவை என்பது சரி, ஆனால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று வரும்போது புதிய செயலி, புதிய கண்டுபிடிப்பு என்றே பேசிவிட்டு முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்க ஆள் கிடைக்கும், இருப்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பதில்லை.

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது என்ன தெரியவந்தது? இணையத்தின் பெரும்பகுதி பாதுகாப்புக்கு நம்பியிருந்த அந்த நிரலுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது, முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் கிட்டத்தட்ட எல்லா வடிவங்களிலும் இருப்பது. அதை ஒருவர் சம்பளமே இல்லாமல் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தார். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரிக்க, உதவி செய்ய வந்தவர் போல ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் 2024 தொடக்கத்தில் உள்ளே பின்கதவு (யாருக்கும் தெரியாமல் கணினிக்குள் நுழையும் ரகசிய வழி) வைத்துவிட்டார். தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாகப் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது பெருமளவில் பரவும் முன் மாட்டியது. அந்தப் பராமரிப்பாளருக்கு மாதச் சம்பளமும், கூட வேலை செய்ய நம்பகமான இன்னொருவரும் இருந்திருந்தால், வலிய வந்த அந்த உதவியை அவர் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமே வந்திருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஜெர்மனி 2022இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட் என்ற அரசு நிதித் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. பலரும் சார்ந்திருக்கும் அடிப்படை மென்பொருள்களைச் செப்பனிடவும் பராமரிக்கவும்தான் அது பணம் தருகிறது. லினக்ஸ் கணினிகளின் திரை முகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு மட்டும் 10 லட்சம் யூரோ கொடுத்தார்கள். மற்ற நாடுகளும் இதையே செய்யட்டும், ஆனால் ஒரு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டுக் கைகழுவக் கூடாது. 2025 மார்ச்சில் அமெரிக்காவில், இணையச் சுதந்திரத்துக்கான மென்பொருள்களுக்கு நிதி தரும் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டுக்கான அரசு மானியத்தை ரத்து செய்வதாக அறிவித்தார்கள், அந்த அமைப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆட்சி மாறினாலும் நிற்காத மாதிரி நாலைந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம், விண்ணப்பமும் சுருக்கமாக இருக்கட்டும், தனியாளாக நிரல் எழுதுகிறவரிடம் ஐம்பது பக்க அறிக்கை கேட்டால் அவர் விண்ணப்பிக்கவே மாட்டார்.

இந்த மென்பொருள்களால் லாபம் பார்க்கும் நிறுவனங்களே கொடுக்கட்டுமே என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் கொடுக்கட்டும், ஆனால் அவர்கள் மனம் இரங்கும்வரை காத்திருக்க முடியாது. அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் இதே நிரல்களில்தான் ஓடுகின்றன.

அடுத்த முறை எந்த அரசாவது இப்படி நிதி அறிவித்தால், அதில் பராமரிப்புக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்