ஒற்றை ஷூவைப் பிடுங்கி வைத்துக்கொண்ட அண்ணனுக்கு

கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் கிராமங்கள்) இருக்கும் எல்லோருக்கும் உங்கள் தபால்காரனின் வணக்கம்.

பத்தொன்பது வருடமாக உங்கள் வீட்டுக் கடிதங்களைச் சுமந்தவன் நான். சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டிக் கை ஓட மாட்டேன் என்கிறது. அந்த 'நலம்' என்பதை எழுதவே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. போன மாதம் இதே நாளில் நான் எங்கே, எப்படிக் கிடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை.

எழுத வந்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செருப்பு தைக்கும் அண்ணனைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அது என் தப்பு இல்லை.

2021 ஜூலை, பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த வாரம். எனக்குக் கொரோனா காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆக்சிஜன் ஒருநாளும் 94-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டிலேயே படுத்து எழுந்துவிட்டதால், நமக்கு வந்தது லேசுதான் என்று ஒரு தெம்பு. இடது கெண்டைக்கால் மட்டும் இறுக்கிப் பிடித்தது. மேடும் பள்ளமுமாக நடந்தே பிழைக்கிறவனுக்குக் கால் வலி ஒரு வலியா? நீலகிரித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார்கள் வீட்டில். நம்ம ஊர்ச் சரக்கு, எல்லா வலிக்கும் அதுதானே. நாலு நாள் தேய்த்தோம். ஐந்தாம் நாள் இடது ஷூ ஏறவில்லை.

"அண்ணே, இடதை மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்க" என்று அவரிடம் நீட்டினேன். உள்ளே கையை விட்டுத் தடவினார். தையலைப் பார்த்தார்.

"ஷூ சரியாத்தான் இருக்கு. ஒத்த ஷூ மட்டும் எப்படி சார் சின்னதாகும்? காலைக் காட்டுங்க."

நான் தயங்கினேன். காரணம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து என் பக்கத்தில் யாரும் வரவில்லை. சில வீடுகளில் கடிதத்தைச் சுவர் மேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கோபம் இல்லை, அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு மாதமாக என் வீட்டு ஆட்களைத் தவிர ஒரு மனிதக் கை மேலே படாமல் இருந்தவனுடைய காலை அந்த மனிதர் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேன்டைச் சுருட்டினார். புறங்கையால் தொட்டு, "கொதிக்குது" என்றார். பிறகு மெழுகு பூசிய தையல் நூலை எடுத்து இடது கெண்டையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். அதே நூலை வலது கெண்டையில் சுற்றி இன்னொரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"மூச்சு வாங்குதா சார்?"

அரவேணு ஏற்றத்தில் முந்தின நாள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் தம்பி மே மாதம் கொரோனாவிலிருந்து தேறி வீடு திரும்பியவர். ஒற்றைக் கால் வீங்கியது. சுளுக்கு என்று உருவிவிட்டார்களாம். பத்தாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என் ஷூவை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். தன் ரப்பர் செருப்பில் இடதை மட்டும் கழற்றித் தள்ளினார். "ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாத்தான் ஷூ" என்றார். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் அவர் செருப்புமாக அரசு மருத்துவமனைக்குப் போய் நின்றேன். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா முதலில் பார்த்துச் சிரித்தது அதைத்தான். பிறகு டேப் எடுத்து, அண்ணன் நூலால் செய்த அதே வேலையைச் செய்தார். 4 சென்டிமீட்டர் வித்தியாசம். 3-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். தைலம் தேய்த்த கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. காலில் உறைந்து கிடக்கும் ரத்தக் கட்டியைத் தேய்த்தால் பிய்த்துக்கொண்டு நேரே மேலே போகுமாம். எனக்குப் போய்த்தான் இருந்தது. நுரையீரலில் அடைத்து, இதயத்தின் வலது பக்கம் திணறிக்கொண்டிருந்தது என்பது கோவையில் ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. ரத்தம் உறைந்திருக்கிறதா என்று காட்டும் டி-டைமர் சோதனையில் 500-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 4000-ஐத் தாண்டியிருந்தது.

கொரோனா என்றால் நுரையீரல்தான் என்று நினைத்திருந்தோம் இல்லையா. ரத்தக் குழாயின் உள்பக்கப் படலத்தையே அது புண்ணாக்கிவிடுகிறது, ரத்தம் சட்டென்று உறைகிறது என்றார்கள். வேறு சிலருக்கு இதயக் குழாயில் அடைத்து மாரடைப்பு, மூளையில் அடைத்துப் பக்கவாதம். சிலருக்கு இதயத் தசையே அழன்று வீங்குமாம். காய்ச்சல் விட்டதோடு கணக்கு முடியவில்லை.

குஞ்சப்பனை வழியாக ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிக் கொண்டுபோன 108 தம்பிகள், வயிற்றில் ஊசி போடும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்து வலியை மறக்கவைத்த நர்ஸ் தங்கச்சிகள், தன் பையோடு என் பையையும் சேர்த்துச் சுமந்த சக ஊழியர், பாலும் உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பிய ஹட்டி அம்மாக்கள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மைத்துனி: எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாக எழுதினால் இந்த மடலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கட்டுப்படியாகாது.

ரத்தம் உறையாமல் இருக்க மூன்று மாதமாவது மாத்திரை உண்டு. சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும், ஜாக்கிரதை என்றார் டாக்டர். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அட்டை கடிக்குமே என்று கேட்டேன். "அதுவும் உறையாம இருக்கத்தான் மருந்து வச்சுக் கடிக்குது. ரெண்டு மருந்து வேண்டாம், சோலைப் பக்கம் போகாதீங்க" என்றார். இத்தனை வருடம் அட்டையைத் திட்டியவன், அதன் வாயிலும் வைத்தியம் இருக்கிறது என்று படுக்கையில் கிடந்து தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பீட்டுக்கு, அதாவது கடிதம் கொடுக்கும் என் சுற்றுக்கு, திரும்புகிறேன். கொரோனா வந்துபோன வீடுகளில் கடிதம் கொடுக்கும்போது காலைக் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஒற்றைக் கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சில் பிடிப்பு என்று யாராவது சொன்னால், கடிதத்தைக் கையில் கொடுக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால்தான் கொடுப்பேன். இலாகா விதிப்படி இது குற்றம். இருக்கட்டும்.

நேற்று சீட்டைக் காட்டி ஷூவை வாங்கப் போனேன். அவர் செருப்பை என் மனைவி கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "புதுசாக்கிட்டீங்களே" என்றார். நோட்டை நீட்டினால் தள்ளிவிட்டார், பாலிஷ் போட்டதற்கு மட்டும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"ஷூவை நான் லூஸ் பண்ணல சார். வீக்கம் வத்தினா பழையபடி சேரும்."

பெட்டியிலிருந்து அந்த நூலை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மறுபடி என் காலை மடியில் வைத்து இடது கெண்டையைச் சுற்றிப் பிடித்தார். வலதுக்குப் போட்ட முடிச்சைத் தாண்டி அரை விரல் மட்டும் கூடுதலாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று சொல்லி நூலைச் சுருட்டித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.